எல்.ஏ.டி. மேல் ஒரு தசைப்பாலம்

இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனிகள் இதயத்தின் மேற்பரப்பில், கொழுப்புப் படலத்தில் பதிந்து ஓடுகின்றன. அவற்றிலிருந்து பிரியும் சிறு கிளைகள்தான் தசைக்குள் இறங்கும். சிலரிடம் பெரிய தமனியே கொஞ்ச தூரம் தசைக்குள் முங்கி, ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் கழித்து மறுபடி மேலே வருகிறது. முங்கிய பகுதியின் மேல் குறுக்கே கிடக்கும் தசைநார்களுக்குத் தசைப்பாலம் என்று பெயர். தமிழ்நாட்டு ஆஞ்சியோ அறிக்கைகளில் இது ‘மசில் பிரிட்ஜ்’. பாலத்தின் கனம் சிலரிடம் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். சிலரிடம் பத்து மில்லிமீட்டர் வரை போகும். இடம் மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை: இடது முன் இறங்கு தமனி, அதாவது எல்.ஏ.டி.யின் நடுப்பகுதி.

இதை முதலில் எழுதி வைத்தவர் ரெய்மன், 1737இல். அதன்பின் நெடுங்காலம் இது உடற்கூற்று மேசையில் மட்டும் தென்பட்ட வேடிக்கையாக இருந்தது. 1951இல் கைரிங்கர் நூறு இதயங்களை அறுத்துப் பார்த்து, ஏறக்குறைய கால்பங்கில் இருக்கிறது என்றார். 1958இல் கிளீவ்லேண்டில் மேசன் சோன்ஸ் கரோனரி தமனிக்குள் நேராகச் சாயம் செலுத்திப் படம் பிடித்த பிறகுதான் உயிருள்ள மனிதரில் இதைப் பார்க்கும் வழி திறந்தது. 1960இல் போர்ட்மனும் இவிக்கும், ஒவ்வொரு துடிப்பிலும் தமனி நசுங்கி விரிவதைப் படத்தில் காட்டினார்கள். ஆஞ்சியோ எடுக்கும் அறையான கேத் லேபில் இன்றும் அதை ‘மில்க்கிங்’ என்றுதான் சொல்கிறார்கள்.

எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது எப்படித் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. பிரேதப் பரிசோதனையில் தசையைக் கீறிப் பொறுமையாகத் தேடினால் மூன்று நான்கு இதயங்களில் ஒன்றில் கிடைக்கும். சில ஆய்வுகளில் பாதிக்கு மேல். சி.டி. ஆஞ்சியோவில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் தெரிகிறது. சாதாரண ஆஞ்சியோவில் நூற்றுக்கு ஐந்தாறு பேரிடம்தான். இந்த இடைவெளியே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. பெரும்பாலான பாலங்கள் தமனியை நசுக்கும் அளவுக்குக் கனமானவை அல்ல. அவற்றை வைத்துக்கொண்டு மனிதர்கள் எண்பது வயது வரை வாழ்ந்து வேறு காரணத்தால் இறக்கிறார்கள். எலியிலும் ஹாம்ஸ்டரிலும் கரோனரி தமனிகள் முழுக்கத் தசைக்குள்ளேயே ஓடுகின்றன. பன்றியிலும் மாட்டிலும் குதிரையிலும் மேலேயே. மனிதர், நாய், ஆடு ஆகியோர் இடைப்பட்ட இனம். இதைக் குறைபாடு என்பதா, மாறுபாடு என்பதா என்ற வாதம் இதனால்தான் இன்னும் ஓயவில்லை.

பாலம் கேடு செய்யாததற்கு ஒரு எளிய காரணம் உண்டு. மற்ற உறுப்புகளுக்கு ரத்தம் பெரும்பாலும் இதயம் சுருங்கும்போது போகிறது. இடது கரோனரி தமனியில் நேர்மாறு: இதயம் சுருங்கும்போது தசை தன் சொந்தக் குழாய்களையே நெருக்குவதால், ஓட்டத்தின் பெரும்பங்கு இதயம் தளரும் நேரத்தில் நடக்கிறது. பாலம் தமனியை நெருக்குவது சுருங்கும்போது. அப்போது போகும் ரத்தமே குறைவு என்பதால் இழப்பும் குறைவு. பாடப்புத்தகங்கள் இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொண்டு, கவலை வேண்டாம் என்று பல பத்தாண்டுகள் சொல்லி வந்தன.

கணக்கில் விட்டுப்போனது, தசை தளர்ந்ததும் தமனி உடனே விரிந்துவிடுகிறதா என்ற கேள்வி. 1990களில் ஜெர்மனியில், குறிப்பாக ஆகென், எசென் நகரங்களில், தமனிக்குள்ளேயே டாப்ளர் கம்பியும் அல்ட்ராசவுண்டும் செலுத்திப் பார்த்தவர்கள் விடை கண்டார்கள். கனமான பாலத்தில் நசுக்கல் சுருக்கத்தோடு முடிவதில்லை; தளர்வின் தொடக்கத்திலும் நடுவிலும் நீள்கிறது. நோய்க்குறி உள்ளவர்களிடம் தளர்வின் நடுவிலும் தமனியின் விட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தே இருந்தது. ரத்தம் அதிகமாக ஓட வேண்டிய நேரத்தில் வாசல் பாதி திறந்த நிலையில் நிற்கிறது என்று பொருள்.

இதன்மேல் நாடித்துடிப்பு ஏறும்போது நிலைமை மாறுகிறது. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு ஒரு விநாடி. அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சுருக்கம், மீதி தளர்வு. நிமிடத்துக்கு ஏறக்குறைய 40 விநாடி தளர்வு கிடைக்கிறது. துடிப்பு 120 ஆனால் ஒரு துடிப்பு அரை விநாடியாகிறது. சுருக்கம் அவ்வளவாகக் குறுகுவதில்லை, தளர்வுதான் வெட்டுப்படுகிறது. நிமிடத்துக்குக் கிடைக்கும் தளர்வு நேரம் 30 விநாடி அளவுக்கு இறங்கிவிடும். அதிலும் ஒவ்வொரு முறையும் தொடக்கப் பகுதியைப் பாலம் எடுத்துக்கொள்கிறது. கூட்டம் கூடும் நாளில் தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடும் ரேஷன் கடையின் நிலை இது. ஓய்வில் எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவருக்கு மாடி ஏறும்போதோ காய்ச்சலிலோ கோபத்திலோ நெஞ்சு இறுகுவதன் காரணம் இதுதான். ஆகென் குழுவினர் இதயத்தை மின்தூண்டலால் வேகமாகத் துடிக்க வைத்தபோது நசுக்கல் கூடியது. எஸ்மலால் என்ற பீட்டா பிளாக்கரை நரம்பில் ஏற்றியபோது குறைந்தது, வலியும் நின்றது. இந்தத் துறையில் இவ்வளவு தெளிவாகக் காரணமும் விளைவும் சேர்ந்து தெரியும் சோதனைகள் அதிகம் இல்லை.

இரண்டாவது கேடு பாலத்தில் நடப்பதல்ல, பாலத்துக்குச் சற்று முன்னால் நடப்பது. நசுக்கப்பட்ட ரத்தம் இரு பக்கமும் தள்ளப்படுகிறது. முன்னோக்கி வரும் ஓட்டத்தோடு பின்னோக்கி வரும் அலை மோதுகிறது. பாலத்துக்கு முன்னால் தமனியின் அழுத்தம் பெருந்தமனியின் அழுத்தத்தையே தாண்டுவதை எசென் மருத்துவர்கள் அளந்தார்கள். அந்த இடத்தில் ஓட்டம் தயங்கி, உட்சுவரை உரசிச் செல்லும் விசை குறைந்து திசை மாறி மாறி விழுகிறது. கொழுப்பு படிய இதைவிடத் தோதான இடம் வேறில்லை. ஆனால் பாலத்துக்கு அடியில் உள்ள பகுதி வியப்பூட்டும் அளவுக்குச் சுத்தமாக இருக்கும். எழுபது வயது இதயத்திலும் அந்தத் துண்டின் உட்சுவர் மெல்லியதாக இருப்பதைப் பிரேதப் பரிசோதனை செய்பவர்கள் அறிவார்கள். பாலம் தன் கீழே உள்ளதைக் காத்து, தன் வாசலில் உள்ளதைக் கெடுக்கிறது. பாலம் உள்ளவருக்கு மாரடைப்பு வந்தால் முதலில் தேட வேண்டிய இடம் பாலத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர் முன்னால். அங்கே ஆஞ்சியோவில் சுவர் வழவழப்பாகத் தெரிந்தாலும், உள்ளே செலுத்தும் அல்ட்ராசவுண்ட் படிவைக் காட்டிவிடுகிறது. அதே கருவியில் பாலத்தைச் சுற்றிப் பிறைநிலா வடிவில் ஒரு கருநிழல் தெரியும். எசெனில் முதலில் விவரிக்கப்பட்ட அந்த அடையாளம் ஆஞ்சியோவில் தப்பிய பாலங்களையும் பிடித்துக் கொடுக்கிறது.

மூன்றாவது, ஸ்பாசம், அதாவது தமனி தானாக இறுகிக்கொள்வது. நாளுக்கு லட்சம் முறை நசுங்கும் தமனியின் உட்சுவர் இயல்பாக வேலை செய்வதில்லை. தளரச் சொல்ல வேண்டிய ரசாயனங்களை அது போதுமான அளவு சுரப்பதில்லை. அசெடைல்கோலின் கொடுத்துச் சோதித்தால் பாலமுள்ள துண்டு மற்றவற்றைவிட எளிதாக இறுகிக்கொள்கிறது. உழைப்பே இல்லாமல், விடியற்காலையில் படுக்கையில் வரும் வலிக்கு நசுக்கல் காரணமாக இருக்க முடியாது. அங்கே சந்தேகம் ஸ்பாசத்தின்மேல் போக வேண்டும். இந்த வேறுபாட்டைக் கேட்டு அறிய ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் செலவழிக்கப்படாததால் தவறான மாத்திரை வருடக்கணக்கில் ஓடுவதுண்டு.

இவற்றின் கடைசிப் படியில் வருபவையே அறிக்கைகளில் இடம்பெறும் பெரிய சிக்கல்கள்: இதயத்தின் முன்சுவரில் மாரடைப்பு, பாலத்துக்குள் ரத்தக்கட்டி, தமனிச் சுவர் உட்புறம் கிழிவது, உழைப்பின்போது கீழறையிலிருந்து எழும் அபாயகரமான துடிப்புக் கோளாறு, இதயத்தின் மின்தடம் அடைபடுவது, திடீர் மரணம். கீழறைகளின் இடைச்சுவர் கிழிந்த அறிக்கையும் உண்டு. கடுமையான மன அதிர்ச்சிக்குப் பிறகு இதயத்தின் நுனி பலூன்போல ஊதும் டாகோட்சுபோ நோயிலும் பாலம் அடிக்கடி காணப்படுகிறது. அது காரணமா, உடனிருப்பா என்பதில் கருத்து வேறுபாடு நிலவுகிறது. திடீர் மரணத்தைப் பாலத்தின் தலையில் கட்டும்போது எச்சரிக்கை தேவை. நான்கில் ஒருவரிடம் இருக்கும் ஒன்று, இறந்தவரிடமும் இருப்பதில் வியப்பில்லை. பாலம் ஆழமாக இருந்து, அதற்குக் கீழ் உள்ள தசையில் பழைய தழும்போ புதிய சேதமோ தெரிந்தால் மட்டுமே அந்தத் தீர்ப்புக்கு இடமுண்டு.

இதயத்தசை தடித்த நோயில் இந்த விவாதம் தீவிரமாக நடந்தது. 1998இல் டொரண்டோவில் இந்த நோயுள்ள குழந்தைகளைப் பார்த்தவர்கள், பாலமும் சேர்ந்தவர்களுக்கு நெஞ்சுவலி, துடிப்புக் கோளாறு, இதயம் நின்றுபோவது ஆகியவை அதிகம் என்று எழுதினார்கள். சில இடங்களில் குழந்தைகளுக்குப் பாலத்தைப் பிளக்கும் அறுவைச் சிகிச்சையும் செய்யப்பட்டது. 2003இல் மேயோ கிளினிக் பெரியவர்களைப் பார்த்தது: பாலம் இருந்தவர்களும் இல்லாதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வாழ்ந்தார்கள். இரண்டும் சரியாகவே இருக்கலாம். குழந்தையின் இதயம் வேகமாகத் துடிக்கிறது. தடித்த தசை தளர மறுக்கிறது. பாலமும் அதே தடித்த தசையால் ஆனது. பெரியவராகும் வரை வந்து சேர்ந்தவர் ஏற்கெனவே தேறியவர்.

கண்டுபிடிப்பதில் கேத் லேபுக்கு உரிய பொறிகள் சில உண்டு. தமிழ்நாட்டில் நோயாளிகள் ஆஞ்சியோ குறுந்தகட்டோடும் அச்சிட்ட இரண்டு மூன்று படங்களோடும் அடுத்த மருத்துவரிடம் போவது வழக்கம். அச்சிட்ட படம் எந்த நொடியில் எடுக்கப்பட்டது என்பது அதில் இருக்காது. சுருக்கத்தின் உச்சியில் பிடித்த படத்தில் பாலம் அசல் 90 சதவீத அடைப்புபோலவே தெரியும். ‘எத்தனை பர்சென்ட் அடைப்பு?’ என்று கேட்கப் பழகிய குடும்பத்துக்கு அந்த எண்ணே தீர்ப்பாகிவிடுகிறது. ஓடும் படத்தைப் பார்த்தால் அடுத்த கணமே தமனி விரிவது தெரியும். பாலத்தின் வாயில் தமனி படிபோல இறங்கி, முடிவில் படிபோல ஏறுவதும் தெரியும். சுருக்கத்தில் விட்டம் 75 சதவீதத்துக்கு மேல் குறைந்தால்தான் இதயத்தசைக்கு ரத்தம் பற்றாமை வர வாய்ப்பு அதிகம் என்பது 1970களில் இருந்தே பயன்படும் எல்லை. எதிர்த்திசையில் இன்னொரு பொறி: சி.டி. ஆஞ்சியோ பெரும்பாலும் இதயம் அசையாத தளர்வு நேரத்தில் படம் எடுக்கிறது. தமனி தசைக்குள் இருப்பதை அது துல்லியமாகக் காட்டும். நசுங்குகிறதா என்பதைக் காட்டாது. உடல் பரிசோதனைத் திட்டத்தில் எடுத்த சி.டி.யில் தற்செயலாகத் தென்பட்ட பாலத்துக்கு, எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு மருந்து எழுதிக் கொடுப்பது இல்லாத வியாதியைக் கையில் கொடுத்து அனுப்புவதாகும்.

தமனிக்குள் அழுத்தக் கம்பி வைத்து அளப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வழக்கமான அளவீடு சுருக்கத்தையும் தளர்வையும் சேர்த்துச் சராசரி எடுக்கிறது. சுருக்கத்தில் பாலத்துக்கு அப்பால் அழுத்தம் செயற்கையாகத் தூக்கிக் காட்டலாம். சராசரி நன்றாக இருக்கும், நோயாளிக்கு வலி இருக்கும். அடினோசின் கொடுத்து அளப்பதைவிட, டோபுடமின் ஏற்றி இதயத்தை உழைக்க வைத்து, தளர்வு நேர அழுத்தத்தை மட்டும் பார்ப்பது பொருத்தம். ஸ்டான்ஃபோர்டில் டிரெட்மில் எக்கோவில் ஒரு அடையாளத்தைக் கண்டார்கள்: சுருக்கம் முடிந்து தளர்வு தொடங்கும் நேரத்தில் இடைச்சுவர் மட்டும் சற்றே மடங்குகிறது, நுனி நன்றாக இயங்குகிறது. ஊசியே போடாமல் கிடைக்கும் இந்தத் தடயத்தைப் பிடிக்கப் பழகிய கண் வேண்டும்.

சிகிச்சையில் முதல் விதி எதைக் கொடுக்கக்கூடாது என்பது. நெஞ்சுவலி என்றால் நாக்குக்கடியில் சார்பிட்ரேட் என்ற நைட்ரேட் மாத்திரை என்பது நம்மூரில் ஊன்றிப்போன பழக்கம். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடப்பவர்கள் ஏராளம். நைட்ரேட் பாலத்துக்கு முன்னும் பின்னும் தமனியை விரிக்கிறது, ரத்த அழுத்தத்தை இறக்குகிறது, அதற்குப் பதிலாக இதயம் வேகமெடுக்கிறது. பாலத்தின் நசுக்கலை எதிர்த்து நிற்கத் தமனிக்குள் இருந்த அழுத்தமும் குறைகிறது. விளைவு: நசுக்கல் கூடுகிறது. கேத் லேபில் மறைந்திருக்கும் பாலத்தை வெளிக்கொண்டுவர நைட்ரோகிளிசரின் செலுத்துவதே இந்தக் குணத்தால்தான். மாத்திரை போட்டதும் வலி கூடுகிறது என்று நோயாளி சொன்னால் அதைப் புறந்தள்ளக்கூடாது. ஆனால் ஸ்பாசம் முதன்மைக் காரணமாக இருப்பவருக்கு அதே மாத்திரை உதவும். ஆகவே எல்லாருக்கும் பொதுவான தடை என்று எழுதிவிட முடியாது.

கொடுக்க வேண்டியது, துடிப்பைக் குறைத்துத் தளர்வு நேரத்தை நீட்டும் மருந்து. பீட்டா பிளாக்கர் முதலிடம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் ஸ்பாசம் கலந்தவர்களுக்கும் டில்டியாசெம் அல்லது வெரபமில். இரண்டும் ஒத்துக்கொள்ளாதபோது துடிப்பை மட்டும் குறைக்கும் ஐவபிரடின் கைகொடுக்கிறது. பெரும்பாலோருக்கு இத்தோடு விஷயம் முடிந்துவிடும். தமனியில் படிவும் இருந்தால் ஆஸ்பிரின், ஸ்டாட்டின் சேரும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இதே விதி தலைகீழாகத் தோன்றும். ரத்த அழுத்தம் இறங்கிய நோயாளிக்கு டோபுடமினோ அட்ரினலினோ ஏற்றுவது மருத்துவரின் கை தானாகச் செய்வது. ஆழமான பாலம் உள்ளவருக்கு அவை இரண்டும் துடிப்பையும் சுருக்கத்தையும் கூட்டி, முன்சுவரை இன்னும் பட்டினி போடும். மருந்தின் அளவு ஏற ஏற அழுத்தம் இறங்கும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் நீர்ச்சத்து குறைந்து, வலியாலும் காய்ச்சலாலும் துடிப்பு ஏறியிருக்கும் நேரத்தில் இது நேர்கிறது. நரம்பில் திரவம் ஏற்றுவது, துடிப்பைக் கூட்டாமல் குழாய்களை இறுக்கும் ஃபீனைல்எஃப்ரின், அழுத்தம் நிலைத்ததும் சிறிதளவு பீட்டா பிளாக்கர் என்ற வரிசை, பார்ப்பவருக்கு விபரீதமாகத் தெரிந்தாலும், பலன் தருவது அதுவே. பழைய ஆஞ்சியோ அறிக்கையின் கடைசி வரியில் ‘மசில் பிரிட்ஜ்’ என்றிருப்பதை மயக்க மருத்துவர் அறுவைக்கு முன்பே படித்திருந்தால் இந்த நிலை வராமலேயே தடுக்கலாம்.

மருந்துக்கு அடங்காதவர்களுக்கு ஸ்டென்ட் வைக்கும் ஆசை 1990களில் எழுந்தது. படத்தில் அது அழகாக இருக்கும்: நசுக்கல் உடனே மறையும், அழுத்தம் சீராகும். மாதங்கள் கழித்துக் கணக்கு வேறு. மெல்லிய உட்சுவருள்ள, குறுகிய அந்தத் துண்டில் ஸ்டென்டை முழுதாக விரிக்க அதிக அழுத்தம் வேண்டியிருக்கிறது. தமனி ஓட்டையாகும் அபாயம் அங்கே மற்ற இடங்களைவிட அதிகம். விரித்த பிறகு ஒவ்வொரு துடிப்பும் உலோகக் கம்பிவலையை மடக்குகிறது. கம்பி முறிவதும் உள்ளே திசு வளர்ந்து மீண்டும் அடைவதும் சாதாரண அடைப்புக்கு வைத்த ஸ்டென்டைவிடக் கூடுதலாக நடக்கின்றன. மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தபின் குறைந்ததே தவிர மறையவில்லை. பாலத்துக்கு முன்னால் உள்ள அசல் அடைப்புக்கு ஸ்டென்ட் வைக்கும்போதும் இதே பாடம்: அதன் வால் பாலத்துக்குள் நுழையாதபடி அளந்து வைக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் அலட்சியம் அடுத்த வருடம் இன்னொரு ஆஞ்சியோவாகத் திரும்பி வரும்.

அறுவைச் சிகிச்சையில் இரு வழிகள். பாலத்தையே பிளந்து தமனியை வெளியே கொண்டுவருவது ஒன்று; 1975இல் பினே இதை விவரித்தார். மற்றொன்று, மார்புச் சுவரின் உட்புறத் தமனியை எடுத்துப் பாலத்துக்கு அப்பால் பைபாஸ் இணைப்பது. பைபாஸில் ஒரு வினோதமான சங்கடம் உண்டு. பாலத்தின் அடியில் உள்ள தமனி தளர்வு நேரத்தில் திறந்தே இருப்பதால் ரத்தம் பழைய வழியிலும் வருகிறது. போட்டி ஓட்டத்தில் புதுக்குழாய் உபயோகமில்லாமல் சுருங்கி நூலாகிவிடுகிறது. ஆகவே தமனி நலமாக இருப்பவர்களுக்குப் பிளப்பதே நேர்வழி. பாலம் 25 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டோ 5 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமாகவோ இருந்தால், முன்னால் அடைப்பும் சேர்ந்திருந்தால், பைபாஸ் பக்கம் சாய்கிறார்கள்.

பிளப்பதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. ஆழமான எல்.ஏ.டி. இடைச்சுவரைத் தொட்டு, வலது கீழறையின் மெல்லிய சுவருக்கு அருகே வளைந்து போகும். தமனியைத் தேடிக் கீறும் கத்தி வலது கீழறைக்குள் நுழைந்துவிடலாம். பக்கக்கிளைகள் அறுபடலாம், பிளந்த தசை பின்னாளில் வீங்கி அனியூரிசமாகலாம். வேறு காரணத்துக்காக பைபாஸ் செய்ய மார்பைத் திறந்த அறுவை மருத்துவர் எல்.ஏ.டி.யையே காணாமல் நிற்பதும் இந்தத் தொழிலில் புதிதல்ல. தமனி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தசை தெரியும். அனுபவசாலிகள் நுனிக்கு அருகே, தமனி மறுபடி மேலே வரும் இடத்தில் அதைப் பிடித்து, அங்கிருந்து மேல்நோக்கிப் பின்தொடர்வார்கள். இதயத்தின் மேலேயே அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு.

விளையாட்டு வீரர்களின் விஷயத்தில், உச்ச உழைப்புச் சோதனையில் ரத்தப் பற்றாமை தெரியாவிட்டால் தடை தேவையில்லை என்பது அமெரிக்க இதயவியல் அமைப்புகளின் வழிகாட்டல். பற்றாமை தெரிந்தால், அல்லது பழைய மாரடைப்பு இருந்தால், கடும் உழைப்புள்ள போட்டிகள் கூடாது. அறுவையோ ஸ்டென்டோ ஆனவர்கள் ஆறு மாதமாவது ஒதுங்கியிருந்து, பிறகு சோதித்துப் பார்த்துத்தான் திரும்ப வேண்டும். பாலத்தைப் பிளந்த பிறகும் சிலருக்கு வலி மிச்சமிருக்கும். பல வருடம் நசுங்கிய உட்சுவர் உடனே இயல்புக்கு வருவதில்லை. ஸ்பாசத்தின் போக்கு தொடர்கிறது. அவர்களுக்கு டில்டியாசெம்மை நிறுத்தாமல் வைத்து, ஆறு மாதத்துக்குப் பின் டிரெட்மில் எக்கோவைத் திரும்ப எடுத்து, இடைச்சுவரின் அந்த மடிப்பு போய்விட்டதா என்று பார்க்கிறார்கள்.